மிஸஸ் பெயர்டின் சட்டியும் என் கல்யாணமும்

நான் மனதாரச் சொன்ன பொய் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். (வேலை விண்ணப்பங்களில் எழுதியவற்றைச் சேர்க்கவில்லை. அவை பொய்கள் அல்ல, நம்பிக்கைகள்.) அந்த ஒரு பொய் இரண்டு இறாத்தல் சீனியையும், ஒரு மர அகப்பையையும், ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்த ஒரு சட்டியையும் பலி கொண்டது. என் கல்யாணத்தையும் கொண்டு போகத்தான் பார்த்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தில், ஒக்லண்டின் ஒனிஹங்காவில் மிஸஸ் பெயர்ட் என்ற ஸ்கொட்லாந்து விதவையின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் 'டப்லெட்' என்றொரு இனிப்புச் செய்வார். சீனி, பட்டர், டின்பால், அவ்வளவுதான். பார்த்தால் நம்முடைய பால் டொஃபியின் ஒன்றுவிட்ட சகோதரன் போல இருக்கும். வாயில் போட்டால் ஈர மணலைப் போல் உதிர்ந்து, பிறகு பட்டராகக் கரைந்து, மனிதனைக் கொஞ்ச நேரம் நல்லவனாக்கிவிடும்.

அந்த வருடம் எனக்கும் ஒரு பிஸ்கட் டின் நிறையத் தந்தார். அதே வாரம் ஹில்ஸ்பரோவில் ஒரு தமிழர் வீட்டில் விருந்து. (அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் விருந்து என்றால் ஒக்லண்டிலிருந்த தமிழரில் பாதிப்பேர் அங்கே இருப்பார்கள். மீதிப்பேருக்கு இரவு வேலை.) வெறுங்கையோடு போகக்கூடாதே என்று அந்த டின்னைக் கொண்டு போனேன்.

பச்சைப் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடினார். மூன்றாவது துண்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, இது ஆர் செய்தது?"

பக்கத்தில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு காரணத்தால் என் நாக்கு என்னைக் கேட்காமலே வேலை செய்தது.

"நான்தான், மாமி."

"குசினி வேலை தெரிஞ்ச பெடியன்," என்று அவர் தன் கணவரிடம் சொன்னார். கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இரண்டு கிழமை கழித்து மாமியிடமிருந்து தொலைபேசி வந்தது. வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருகிறார்களாம்.

"ராகு காலம் முடிஞ்சாப் பிறகுதான் காலடி வைப்பம், தம்பி. பதினொரு மணிக்கு வாறம். வேற பலகாரம் ஒண்டும் வேண்டாம். உங்கட அந்த இனிப்பு இருந்தாப் போதும்."

மிஸஸ் பெயர்டின் காலில் விழுந்து ஒரு டின் செய்து வாங்குவதுதான் என் திட்டம். வெள்ளிக்கிழமை மாலை, விழவேண்டிய கோணத்தை எல்லாம் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு துண்டுச்சீட்டு கிடக்கிறது. கிளென்ஃபீல்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஞாயிறு திரும்புவாராம்.

சமையலறை மேசையின் இலாச்சியைக் குடைந்து அவருடைய செய்முறை அட்டையைக் கண்டுபிடித்தேன். அதன் கடைசி வரி இது: "அடுப்பிலிருந்து இறக்கியதும் கை விழும்வரை அடிக்கவும். நடுவில் நிறுத்த வேண்டாம்." ஸ்கொட்லாந்துக்காரர் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டியை ஏற்றினேன். அடி தடித்த, கனமான வெண்கலச் சட்டி. எனக்குப் பின்னால் சுவரில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய கலண்டர். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை வரை என்று அது சொன்னது. நான் விஞ்ஞானப் பட்டதாரி, இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆனால் பெண் வீட்டார் வருகிற நாளில் நம்பாமல் இருக்கும் அளவுக்குத் துணிச்சல்காரனும் அல்ல. ஒன்பதுக்குள் முடித்துவிடலாம் என்று கணித்திருந்தேன்.

அந்த மின்சார அடுப்புக்கு என் அவசரம் விளங்கவில்லை. சீனி கரையவே அரை மணித்தியாலம். பிறகு டின்பாலை ஊற்றிக் கிண்டினேன், கிண்டினேன், கிண்டினேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்தான் அது பொன்னிறத்துக்கு வந்து பளபளவென்று கொதித்தது. இறக்கி அடிக்க வேண்டிய நேரம். சட்டியை இறக்கி, அகப்பையால் நாலு சுற்றுச் சுற்றியிருப்பேன், வானொலியில் ஒன்பது மணிச் செய்தி தொடங்கியது.

பிறகு நான் செய்ததை உலகத்தில் வேறெந்தச் சமையற்காரனும் செய்திருக்க மாட்டான். அகப்பையை அப்படியே சட்டிக்குள் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நல்ல காரியத்துக்கான இனிப்பை ராகு காலத்தில் அடிக்கலாமா? பத்தரைக்கு வந்து மீதியை அடித்தால் போயிற்று. அரை மணித்தியாலம் தாராளம். குளித்தேன். சேர்ட் அயர்ன் செய்தேன். திருநீறு பூசினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, குடும்பத்துக்கு ஏற்ற பிள்ளைதான் என்று முடிவு செய்தேன்.

பத்தரைக்கு வந்து அகப்பையைத் தூக்கினேன். சட்டியும் சேர்ந்து எழும்பி வந்தது.

கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குலுக்கினேன். அசையவில்லை. இளக்கலாம் என்று அடுப்பில் வைத்தேன். அடியில் கருகிப் புகை வந்தது. மேலே அந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை. கராஜிலிருந்து சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் எடுத்து வந்து நாலு அடி போட்டிருப்பேன், வாசல் மணி அடித்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

கதவைத் திறந்த பிறகுதான் கையில் சுத்தியல் இருப்பது நினைவுக்கு வந்தது.

"வீட்டில திருத்த வேலையோ, தம்பி?" என்றார் மாமி.

"இனிப்பு... வெட்டிக்கொண்டிருக்கிறன், மாமி."

மாமா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நேரே சமையலறைக்கு வந்தார். சட்டியைப் பார்த்தார். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார். முதன்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

"என்ன கலவை போட்டனீர்?"

பதில் சொல்வதற்குள் மாமி முன்னறையிலிருந்து குரல் கொடுத்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். "பவானி, நீ போய்த் தம்பிக்கு ஒரு கை உதவி செய் பிள்ளை," என்று மகளை அனுப்பினார்.

பவானி பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். நட்டுக்கொண்டு நின்ற அகப்பையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"இது எப்பிடி நடந்தது?"

உண்மையைச் சொன்னேன். ராகு காலம், ஒன்பது மணி, எல்லாம். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். செய்முறை அட்டையைத் திருப்பி, என் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்தாள்.

"ராகு காலம் மணிக்கூட்டில இல்லை, சூரியனில இருக்கு. பகலை எட்டாப் பிரிச்சு, சனிக்கிழமைக்கு மூண்டாவது பங்கு. இப்ப இங்க கோடை, மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கினம். விடியிறது ஆறேகால், பொழுதுபடேக்க ஒன்பதுக்கு இருபது நிமிசம் இருக்கும்." எழுதினாள், வகுத்தாள், அடிக்கோடிட்டாள். "பத்து மணிக்குக் கிட்டத்தான் தொடங்கினது. பதினொண்டு நாற்பது மட்டும் இருக்கு."

"அப்ப நான் அகப்பையை விட்டது..."

"நல்ல நேரத்தில. திருப்பிச் சட்டியை ஏத்தினதுதான் ராகு காலத்தில."

"அப்ப உங்கட அம்மா..."

"சரியா ராகு காலத்துக்க காலடி வைச்சிருக்கிறா. வலது கால்தான், அதில பிழையில்லை."

மாமிக்கு இது தெரிந்தால் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சொல்லப்போறீங்களோ?"

"அது நீங்கள் சொல்லுற பதிலைப் பொறுத்தது. கிறிஸ்மஸுக்குக் கொண்டந்தது உண்மையா நீங்கள் செய்ததோ?"

அதற்குப் பதில் பின்கதவு வழியாக உள்ளே வந்தது. மிஸஸ் பெயர்ட். மகளோடு சண்டை பிடித்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். சட்டியைப் பார்த்தார். கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என் மாமியாருடைய சட்டி," என்றார். "அந்த மனுஷியை எனக்குப் பிடிக்காதுதான். அதற்காக இப்படியா?"

சத்தம் கேட்டு மாமியும் வந்துவிட்டார். மிஸஸ் பெயர்ட் அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் முறையிட்டார். கிறிஸ்மஸுக்கு நானே செய்து இவனுக்கு ஒரு டின் நிறையக் கொடுத்தேனே, எவ்வளவு அருமையாக வந்திருந்தது, இந்தப் பையன் என் சட்டியை இப்படிப் பாழாக்கிவிட்டானே என்று. மாமிக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

"என்னவாம் பிள்ளை?"

பவானி என்னைப் பார்த்தாள். அந்த மூன்று விநாடிகளில் நான் கப்பல் ஏறிக் கொழும்புக்கே போய்விட்டேன்.

"கிறிஸ்மஸுக்குச் செய்தது அருமையா வந்ததாம், அம்மா. இந்த முறை சட்டிதான் பழுதாப் போச்சாம்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் ஒரு சொல்லில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன். அவள் ஒரு பொய்யும் சொல்லாமல் ஆளைக் காப்பாற்றிவிட்டாள். இவளைக் கட்டுவது நல்லது, கட்டாமல் எதிரியாக வைத்திருப்பது ஆபத்து என்று அப்போதே விளங்கிவிட்டது.

மாமாவே சுத்தியலை வாங்கி, அனுபவசாலியின் அடியாக மூன்று போட்டார். கருகாத பக்கத்திலிருந்து சில சில்லுகள் பெயர்ந்தன. மாமி ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சீனி போடாத வெறுந்தேத்தண்ணியை உறிஞ்சினார். நாங்கள் காத்திருந்தோம்.

"பனங்கட்டி கடிச்சுத் தேத்தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு," என்றார் கடைசியில். "இது தெரிஞ்சு செய்த கைதான்."

மிஸஸ் பெயர்டும் அதேபோல் ஒரு சில்லை ஒதுக்கிப் பார்த்தார். அதன் பிறகு அவர் சீனி போட்டுத் தேநீர் குடிக்கவேயில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அந்தச் சட்டியையே ரிப்பன் கட்டிப் பரிசாகத் தந்தார். அகப்பை உள்ளேதான் நின்றது.

இன்றும் எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு வேலையை நடுவில் விட்டால், தமிழில் பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாத எங்கள் பிள்ளைகள்கூட, "ராகு காலமா, டாடி?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விபரம் சொன்னதில்லை, சொன்னால் மாமியின் காதுக்குப் போய்விடும். மாமியோ ஹில்ஸ்பரோவில் யார் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்குப் போனாலும் எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்: "ராகு காலம் கழிய நேரம் பார்த்துக் காலடி வைச்சனான். பாருங்கோ, இரண்டும் எவ்வளவு ஒற்றுமையா இருக்குதுகள்." நானும் பவானியும் மிகுந்த ஒற்றுமையோடு தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மாமிக்குக் கண் தெரிவதில்லை, பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். போன கிழமை கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து, இப்போது பொடி எழுத்தெல்லாம் வாசிக்கிறாராம். பவானி இதை இப்போதுதான், நான் கதையின் கடைசிப் பந்திக்கு வந்த பிறகுதான் சொல்கிறாள்.

நடுவில் நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். போன தடவை நிறுத்தியதன் பலன் அலமாரிக்கு மேலே, அகப்பையோடு நிற்கிறது.