மலாவிக்காரர் வீட்டு மீனுக்குப் பொன்னுக்கு வீங்கி

கோபாலபுரம் மாநில எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி, அதற்கு அப்பால் உலகம் உண்டா என்றே பார்க்காத ஒரு மனிதர், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் எந்தப் பாறைக்கு அடியில் எந்த மீன் குடியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு அவ்வளவு தெரியுமா என்பது சந்தேகம். எருத்தேன்பதியில் அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் கார்டு மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது. ஊருக்கு அவர் மலாவிக்காரர்.

தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவர் வீட்டு மாடியில் நான் மூன்று வருடம் நான்கு மாதம் குடியிருந்தேன். டைரி எழுதும் பழக்கம் உண்டு. ஆகவே நாள், கிழமைக்கு நான் பொறுப்பு. கீழே டிவி இருக்கவேண்டிய இடத்தில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி. மணல், கருங்கல் குவியல், அவற்றுக்கிடையே நீலத்தில் கறுப்புக் கோடு போட்டவை, ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் என்று நாற்பது சிக்லிட் மீன்கள்.

அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடத்தின் அடியில் ஒரே மாதத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். ஊரே திட்டும் தண்ணீரை இவர் ஒருவர்தான் கும்பிட்டார்.

"இந்த மீனுக்குக் கடுந்தண்ணிதான் வேணுங்க. ஒலகத்துலயே ரெண்டு எடத்துலதான் அது சரியா இருக்குது. ஒண்ணு மலாவி, இன்னொண்ணு நம்ம ஊடு."

குழாய் இணைப்புக்குக் கையெழுத்து வாங்கப் பஞ்சாயத்திலிருந்து வந்த பெண்மணியை, "ஆத்துத் தண்ணி மீனுக்கு ஆகாதுங்க சேச்சி" என்று திருப்பி அனுப்பினார்.

"மனுசனுக்கு ஆகுமுங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அது அவர் மனைவி சரசக்கா. சேச்சி அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். விருந்துக்குப் போனாலும் டம்ளரில் முக்கி, நிறம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சரசக்காவின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் முக்கினார். "பொண்ணு நல்லா இருக்குதுங்க. தண்ணிதான் கொஞ்சம் போதாது" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றோடு நின்றது. தம்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது.

தொட்டிக்குள் மீன்களுக்கு ஓயாத எல்லைத் தகராறு. ஒரு கல் இடுக்குக்காக வால் கிழியச் சண்டை போடும். மலாவிக்காரர் ஞாயிறுதோறும் கையை விட்டுக் கல்லையெல்லாம் இடம் மாற்றி வைப்பார். எது யாருடைய இடம் என்பது மறந்து, எல்லாம் இரண்டு நாள் அமைதியாக நீந்தும். "நம்மூர்லயும் சர்வேக் கல்லை இப்படி வாராவாரம் மாத்துனா கோர்ட்டையே மூடிரலாமுங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஓர் ஆவணி மாதம் கல்லைத் தொடுவதை நிறுத்தினார். மஞ்சள் மீன் ஒன்றுக்குத் தாடை உப்பியிருந்தது. இந்த இனத்தில் தாய், முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். மூன்று வாரம், குஞ்சுகள் நீந்தும் வரை, ஒரு வாய் சாப்பிடாது. விஷயம் அவருக்குத் தெரியும். ஆனால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

சரசக்கா பார்த்தார். தாடை வீக்கம், சாப்பாடு இறங்கவில்லை, பதினோரு நாளாகிறது. பொன்னுக்கு வீங்கி, சந்தேகமே இல்லை. அதற்கு ஊரறிந்த வைத்தியம் கழுத்தில் தங்கச் சங்கிலி. மீனுக்குக் கழுத்து இல்லாததால், தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டுவிட்டார். என் டைரிப்படி செவ்வாய். சரசக்கா இன்றைக்கும் புதன் என்பார்.

மணலைத் தோண்டுவதில் இந்த மீன்கள் பொக்லைனுக்கு அண்ணன். மறுநாள் காலை சங்கிலியைக் காணோம். கல் குவியலுக்கு அடியில் ஓர் ஓரம் மட்டும் மினுங்கியது. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் கல்யாணம். ஒருவழியாகப் பெண் கிடைத்துவிட்ட அதே தம்பிக்கு. மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் இணைச்சீர்ச் சடங்கு செய்ய, ஊர் உறவெல்லாம் பார்க்க, சரசக்கா மணவறையில் நிற்கவேண்டும்.

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"கல்லைத் தூக்குங்க."

"தூக்குனா மெரண்டு முட்டையை முழுங்கிரும் சரசு."

"எஞ்சங்கிலியை முழுங்குனது பத்தாதுங்களா? நீங்க சொல்லுங்க சார்!"

காந்தம் கட்டி இழுக்கலாம் என்றேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பது நினைவுக்கு வந்தது.

சரசக்கா சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். கல்லைப் பிடித்தும்விட்டார். மற்ற மீன்கள் கையில் தீனி இருக்கிறதென்று மொய்த்தன. மஞ்சள் மீன் மட்டும் கிட்டே வந்து, முகர்வதுபோல் நின்று, வாயை இன்னும் இறுக்கிக்கொண்டு திரும்பியது.

"இதுக்குப் பசிக்காதுங்களா?"

"பசிக்கும் புள்ள. வாயைத் தொறந்தா குஞ்செல்லாம் வெளிய போயிருமே."

சரசக்கா கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சரசக்கா கழுத்தில் தாலி கோத்த மஞ்சள் கயிறு மட்டும். இணைச்சீர் முடிந்ததும் பெரியம்மா ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏஞ்சரசு, சங்கிலி எங்க?" என்றார். மலாவிக்காரர் தலை குனிந்துகொண்டார்.

"ஊட்ல ஒரு பேறுகாலமுங்க பெரியம்மா. அங்க குடுத்துட்டு வந்திருக்கறேன்" என்றார் சரசக்கா, முகம் மாறாமல்.

பந்தியில் மலாவிக்காரருக்குத் தண்ணீர் வைத்தார்கள். கை சட்டைப்பை வரை போய், வெறுமனே திரும்பியது. மடமடவென்று குடித்துவிட்டார்.

இருபத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை, குஞ்சுகள் வெளியே வந்தன. மற்ற மீன்கள் தின்றது போக ஒன்பது பிழைத்தன, சங்கிலி கிடந்த அதே இடுக்கில். மலாவிக்காரர் கல்லைத் தூக்கக் கையை நீட்டினார்.

"இருங்க" என்றார் சரசக்கா. "புள்ளைக மெரளும். கெடக்கட்டும்."

சங்கிலி வெளியே வர இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

இப்போது நான் சக்குபள்ளத்தில், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கிறேன். மலை ஊற்றுத் தண்ணீர். சோப்பு நுரைக்கிறது, பருப்பு நொடியில் வேகிறது. குடத்தைக் கழுவும்போதெல்லாம் அடியில் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கிறேன். வெள்ளையே படிவதில்லை.