தலையை மூடிக்கொண்டு வரவும்

மூன்று தெரு நீளத்துக்கு வரிசை. ஊசி இல்லை, வலி இல்லை, இரண்டே நிமிடத்தில் மூளையின் டோபமைனைப் படம்பிடித்துக் காட்டுகிறாராம் மூளைஞானி. வருகிறவருக்கு மூளை இருந்தால் போதுமாம். வரிசையைப் பார்த்ததும் எனக்கு அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கூடத்தில் கறாரான விதிகள். தலையை வெள்ளைத் துணியால் மூடி வரவேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஞானி தொடமாட்டார், தொட்டால் அலை கலைந்துவிடுமாம். விளக்கு மின்னும் தொப்பியைக் கம்பில் மாட்டி எட்ட நின்றே கவிழ்ப்பார். திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மூளை வரும். எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: "மாத்திரையெல்லாம் நிறுத்து. என் தைலத்தைத் தேய்."

எங்கள் தெருத் தையற்காரரும் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருக்கு நடுக்குவாதம், மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைந்து கை நடுங்கும் நோய். மாத்திரை இருந்தவரை ஊசியில் நூல் கோத்தவர், பத்தே நாளில் தேநீர்க் குவளையைக்கூடப் பிடிக்க முடியாமல் போனார்.

அவர் மனைவி மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். கொதித்துப் போனாள்.

"ஏங்க, நாங்க ஊசி போட்டு, அந்த மருந்து மூளையில டோபமைன் போற வாசல்ல ஒட்டுறதுக்கே மூணு மணி நேரம் காத்திருக்கோம். இவரு எப்படி ரெண்டு நிமிஷத்துல எடுப்பாரு?"

"நீங்களும்தான் ஸ்கேனுக்கு முன்னாடி மாத்திரைய நிறுத்தச் சொல்றீங்க!"

"அந்த வாசல அடைச்சுக்கிற சில மருந்த மட்டும், டாக்டர் சொல்ற சில நாளைக்கு. உங்க மாத்திரை அதுல சேராது. ஆயுசுக்குமா நிறுத்துவாங்க?"

அவர் கேட்கவில்லை. மறுநாள் இரண்டாவது புட்டிக்காக வரிசையில் நின்றார். பின்னாலேயே அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் போர்வைக்குள் தலை மூடிய ஓர் உருவம்.

"எங்க பெரியப்பாங்க. பேசமாட்டாரு."

தொப்பி கவிழ்ந்தது. திரையில் அதே சிவப்பு, அதே மஞ்சள். ஞானி கண்ணை மூடினார்.

"சின்ன வயசுல தகப்பன் அடிச்சிருக்கான். அந்தக் கோபம் மூளையில ஏறியிருக்கு. மாத்திரைய நிறுத்துங்க. ஆறு புட்டி தைலம்."

அவள் துணியை உருவினாள். பிளாஸ்டிக் தலை! ஸ்கேன் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கும் பொம்மைத் தலை. கழுத்துக்குக் கீழே இரண்டு தலையணை.

"இத அடிச்ச தகப்பன் யாருங்க?"

ஞானி பின்வாசலைத் தேடினார். தையற்காரர் நடுங்கும் கையால் மனைவியின் தோளைப் பிடித்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

வரிசையில் ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டார்: "அப்போ, தைலம் இன்னிக்குக் கிடைக்காதா?"

ஐயா, அந்தப் பொம்மைத் தலைக்குள் இருக்கும் தண்ணீர்கூட ஒரு வேலை செய்கிறது. உங்கள் தலைக்குள் இருப்பதற்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள். முதலில் அந்தத் துணியை எடுங்கள்.