ரூல்ஸ் சாரின் கம்பிவேலி

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், ரூல்ஸ் சாரிடம் திட்டு வாங்காமல் வீடு கட்டிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவர் இடுப்பில் எப்போதும் ஒரு டேப் தொங்கும். உங்கள் வாசற்படி தெருவுக்குள் நாலு விரல் நீண்டிருந்தால் போதும், காலைக் காபிக்கு முன்பே வந்து நிற்பார்.

"இது பேரூராட்சி இடம். படியை வெட்டுங்க."

"வெட்டினா எப்படி சார் இறங்குறது?"

"குதிங்க."

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக்குக் கம்பிவேலி போட்டார். ஆட்கள் கல்லுக்கால் ஊன்றும்போது பக்கத்தில் நிற்காமல், எதிர்வீட்டு சன்ஷேடு நீளம் என்று சண்டை போடப் போய்விட்டார். சண்டை முடிவதற்குள் வேலி முடிந்துவிட்டது.

ஆடித் திருவிழா முதல் நாள் காலை, மாரியம்மன் பல்லக்கு எங்கள் சந்தில் திரும்பும்போது தண்டு அந்த வேலியில் இடித்தது. முன்னே பின்னே போய்ப் பார்த்தார்கள். கடைசியில் சந்து முனையிலேயே தீபாராதனை காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சந்தின் கடைசி வீட்டில் டெய்லர் சரோஜா அக்கா இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். கட்டிலை வாசலோரம் இழுத்துப் போடச் சொல்லிக் காத்திருந்தார். மேளச் சத்தம் விலகிப் போனதும் அவர் அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

"எவன்யா வேலியை இப்படி நீட்டினது?" என்று டேப்போடு ஓடிவந்தவர் ரூல்ஸ் சார்தான். அளந்தார். ஒன்றரை அடி ஆக்கிரமிப்பு. பிறகுதான் அது யார் வீட்டு வேலி என்று நிமிர்ந்து பார்த்தார். நேரே பேரூராட்சிக்குப் போய்த் தன் மேலேயே புகார் கொடுத்துவிட்டு வந்தார்.

"நீங்களே பிடுங்கிடலாமே சார்?" என்றேன்.

"அதெப்படிங்க? முறைப்படி நோட்டீஸ் வரணும். ஆக்கிரமிப்பாளருக்கு அவகாசம் கொடுக்கணும்."

"அந்த ஆக்கிரமிப்பாளர் நீங்கதானே!"

"அவனுக்கும் உரிமை இருக்குல்ல?"

நோட்டீஸ் வரவில்லை. திருவிழாவின் கடைசி நாள் காலையும் வந்துவிட்டது. பல்லக்கு கிளம்பிய மேளச் சத்தம் கேட்டதும் சரோஜா அக்கா என்னைக் கூப்பிட்டு, "சாரைச் சங்கடப்படுத்தாதீங்க தம்பி. அம்மன் முனையில நின்னாலே எனக்குப் போதும்" என்றார். போய் அப்படியே சொன்னேன்.

ரூல்ஸ் சார் உள்ளே போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு வந்தார்.

"சார், நோட்டீஸ்?"

"அது வர்றப்ப வரட்டும். கல்லைப் பிடிங்க!"

விதிப்படி ஆழமாக ஊன்றிய கல், லேசில் வரவில்லை. அவரிடம் திட்டு வாங்கிய தெருவே திரண்டு வந்து, கொஞ்சம் கூடுதல் உற்சாகத்தோடு பிடுங்கியது.

பல்லக்கு கடைசி வீட்டு வாசலில் நின்றது. சரோஜா அக்கா படுத்தபடியே கைகூப்பினார். கையெல்லாம் மண்ணாக, ரூல்ஸ் சார் தள்ளி ஓரமாக நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் முதலில் கும்பிட்டது அவரைத்தான்.