எண்ணெய்ச்சட்டியின் வண்டி போட்ட கூச்சல்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எண்ணெய் படாத பொருள் ஒன்று இருந்தால், எண்ணெய்ச்சட்டி அதை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஊர் வைத்த பட்டப்பெயர் அது; ஆள், பஸ் வராத காலத்து வாடகை மாட்டுவண்டிக்காரர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. தினமும் ராஜபாளையத்திலிருந்து அவர் வண்டியில் போய், அவர் வண்டியில் திரும்புவேன். எனக்கு வேலையும் அலுப்பு, ரோடும் அலுப்பு.

அச்சுக்கு எண்ணெய் விடுவார், மாட்டுக் கொம்புக்குத் தடவுவார். என் குடை மடங்கவில்லை என்று அதற்கும் விட்டார். அன்று நான் எழுதிய நகல்களில் எழுத்தைவிடக் கறைதான் அதிகம்.

“தேயுறது எதுவானாலும் எண்ணெய் கேக்கும், ரைட்டரய்யா.”

அவரிடம் அல்லி என்று ஒரு வெள்ளை வேட்டை நாய். வண்டிக்கு முன்னால் ஓடும். ஒருநாள் பின்னங்காலை இழுத்தது. எண்ணெய்ச்சட்டி காலை மடக்கி நீட்டிப் பார்த்து, “மூட்டுக் கீலு காஞ்சுபோச்சு” என்றார். அன்று முதல் சோற்றில் நல்லெண்ணெய், கஞ்சியில் நெய். நாய் பெருத்தது. மூட்டுகளிலும் முதுகுத்தண்டை ஒட்டியும் மெத்தென்று புடைத்தது. கால் இன்னும் மோசமாக இழுத்தது. “பத்தலை” என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். கடைசியில் அல்லியால் எழவே முடியவில்லை. வண்டியில் என் இடத்தில் அது படுத்துக்கொள்ள, நான் ஓரத்தில் தொங்கிக்கொண்டு போனேன்.

மம்சாபுரத்துக் கசாப்புக்கடைக்காரர் ஒருநாள் எங்கள் வண்டியில் ஏறினார். நாயின் முதுகைத் தடவியவர் கையை எடுக்கவில்லை.

“ஏலே, இதுக்கு என்ன போடுதே?”

“நெய்யும் எண்ணெயும், அண்ணாச்சி. கீலு காஞ்சிருக்கு.”

“காயல. கொழுப்புல்லா சேர்ந்திருக்கு. எம்புட்டு ஆட்டை உரிச்சிருக்கேன், என் கைக்குத் தெரியாதா? முதுகெலும்பை நெருக்குது. பொறவு காலு எப்படி வரும்? இன்னும் ஊத்துனா செத்துப்போகும்.”

எண்ணெய்ச்சட்டி வழி முழுக்க நாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார். நான் இறங்கும்போது, “நாந்தான் அதைப் படுக்க வச்சிருக்கேன், ரைட்டரய்யா” என்றார்.

மறுநாள் முதல் அல்லிக்கு வெறும் கேப்பைக் கூழ், அதுவும் அரை வயிற்றுக்கு. அதோடு விட்டாரா? அது எழுந்து நடக்கும்வரை எதற்குமே எண்ணெய் விடுவதில்லை என்று ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டார். வண்டியச்சும் அதில் சேர்த்தி. வண்டி போட்ட கூச்சலில் வழியோரத்து மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. நாங்கள் ஊர் எல்லையைத் தொடும்போதே கோர்ட்டில் என் மேஜையைத் துடைத்து வைத்துவிடுவார்கள்.

“அச்சுக்கு மட்டுமாவது விடக்கூடாதா, அண்ணாச்சி? தலை வெடிக்குது.”

“அதுக்கு இடுப்பு வலிக்கில்லா? நமக்குக் காது வலிக்கட்டும்.”

வேறு வண்டி பார்த்திருக்கலாம். ஏனோ பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, வண்டி சத்தமே இல்லாமல் என் வாசலில் வந்து நின்றது. உள்ளே பார்த்தேன். என் இடம் காலியாக இருந்தது. நாய் போய்விட்டது, இனி நேர்ச்சை எதற்கு என்று அச்சுக்கு எண்ணெய் விட்டுவிட்டார் என நினைத்தேன்.

“அல்லி எங்கே, அண்ணாச்சி?”

“பின்னால வருது. செத்த நேரம் ஆகும்.”

தெருமுனையில் அல்லி இடுப்பைக் கோணிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக நடந்து வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். அன்று கோர்ட்டுக்குத் தாமதமாகத்தான் போனேன்.

இப்போதும் எங்காவது ஒரு வண்டி கிரீச்சிட்டால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. வண்டிக்காரரைக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.