நூர் பாஷாவின் காலுக்கு ஒரு கண்காணிப்புக் குழு

விபத்தில் அடிபட்ட டிரைவரை வீடு தேடிப் போய், ஒருமுறையல்ல, மூன்று முறை நலம் விசாரித்த அலுவலகம் இப்பூவுலகில் ஒன்றே ஒன்றுதான். தருமபுரியில் இருந்த எங்கள் மலைப்பயிர் ஊக்குவிப்பு அலுவலகம் அது. 1984-ஆம் வருஷத்துக் கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன். கோப்பை எழுதியவனும் நானே என்பதால் பொய்யிருக்க வாய்ப்பில்லை.

எங்களிடம் ஜீப் இரண்டு, டிரைவர் ஒருவர். அவர் நல்லம்பள்ளி நூர் பாஷா. இன்னொரு டிரைவர் பணியிடம் எட்டு வருஷமாகக் 'காலி'. அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் அதிகாரி சென்னப்பன் தாமே ஓட்டப் பழகுவதென்று முடிவெடுத்தார். ரோட்டில் பழகினால் பொதுமக்களுக்கு ஆபத்தாம். எனவே சித்தேரி மலைப் பண்ணையில் நின்ற ஜீப்பை எடுத்துக்கொண்டு, அறுப்பு முடிந்த ஒரு சாமைக் கொல்லையில் இறங்கினார்.

ஐந்து ஏக்கர் வெறும் நிலம். அதன் ஓரத்தில், தான் ஓட்டிவந்த ஜீப்பில் பாஷா உட்கார்ந்திருந்தார். அதிகாரி சுற்றிச் சுற்றி வந்து, தவறாமல் அதன்மேல் மோதினார். அதிகாரியின் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்தது. பாஷாவுக்கு இடது கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "காலை ஊணக் கூடாது. பதினஞ்சு நாளுக்கொருக்கா புதன்கிழமை வந்து காட்டணும். விட்டா எலும்பு கோணலாக் கூடிரும். அப்புறம் நீங்க வண்டியே ஓட்ட முடியாது."

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. "டாக்டர் மட்டும் பாத்தாப் போதுமாய்யா? நாம பாக்க வேணாமா?" என்றார். 'விபத்துக்குப் பிந்தைய தொடர் நலக் கண்காணிப்புக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவர், உறுப்பினர் நான். மற்ற நாளெல்லாம் மீட்டிங் இருந்ததால் புதன்கிழமை குறிக்கப்பட்டது.

முதல் புதன் வந்தது. ஜீப் தயார். ஓட்டுவது யார்? ஸ்டியரிங்கை இனித் தொடுவதில்லை என்று அதிகாரி குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்திருந்தார்.

"பாஷாவைக் கூப்பிடுய்யா."

"அவரைப் பாக்கத்தானே சார் போறோம்?"

"அதனாலென்ன? அவரு வூட்டுக்கு அவருக்குத்தானே வழி தெரியும்!"

பாஷா டவுன் பஸ்ஸில், கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஒடைஞ்சது கிளச் மிதிக்கிற காலுங்க" என்றார்.

"நல்லவேளை, பிரேக் காலா இல்லாமப் போச்சே!" என்று அதிகாரி கடவுளுக்கு நன்றி சொன்னார்.

கியர் மாற்றும்போதெல்லாம் "யா அல்லா" என்றபடி பாஷா ஓட்டினார். வழியில் ஆஸ்பத்திரி வாசல்.

"சார், இன்னிக்குப் புதங்கிழமைங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்துனா டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடறேனுங்க."

"லாக் புக்ல 'ஆபீஸ் டு பாஷா வீடு'ன்னு எழுதியாச்சே பாஷா. நடுவுல ஆஸ்பத்திரி எப்படி வந்துச்சுன்னு ஆடிட்டுல கேப்பானே!"

வீட்டில் பாஷாவின் மனைவி வஹிதா டீ கொடுத்தார். குழு பாஷாவைக் கட்டிலில் உட்கார வைத்து விசாரணையைத் தொடங்கியது.

"வலி இருக்கா?"

"இப்பத்தாங்க உசுரு போவுது."

'நோயாளி மனம் விட்டுப் பேசினார்' என்று எழுதிக்கொண்டேன். பிறகு அவரே எங்களை அலுவலகத்தில் கொண்டுவந்து விட்டார். பஸ் பிடித்து அவர் ஆஸ்பத்திரி போனபோது டாக்டர் கிளம்பிவிட்டார்.

பதினைந்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு புதன்கள், இதே 'நலம்'. மூன்றாம் அறிக்கையில் எழுதினேன்: 'மூன்று சந்திப்புகளுக்கும் ஓட்டுநர் தாமே ஜீப்பை ஓட்டி வந்துள்ளார். எனவே பூரண குணம்.' மறுநாளே அவருடைய மருத்துவ விடுப்பு ரத்தாயிற்று.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் கோணியிருந்தது. இனி எந்த வண்டியும் ஓட்ட லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை போயிற்று.

எங்கள் குழுவை மேலிடம் வெகுவாக மெச்சியது. ஒரு படிவத்தில் 'குடும்பத்தாரின் கருத்து' மட்டும் விடுபட்டிருப்பதாகச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு நல்லம்பள்ளிக்குப் போனேன். பாஷா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். வஹிதா டீ கொடுக்கவில்லை.

"மூணு தரம் வந்தீங்களே சார். நீங்க வராம இருந்திருந்தா எங்க வூட்டுக்காரரு காலு நேரா இருந்திருக்கும்" என்றார்.

நான் பேனாவைத் திறந்து, 'மிகவும் திருப்தி' என்று எழுதினேன்.