கசகசா மிதந்த சேலைன் போத்தல்

786

சாய்ந்தமருது
14.03.1982

கண்ணியத்துக்குரிய அப்துல் ஸமட் மச்சான் அவர்களுக்கு,

தங்கள் மனைவி றம்ஸியா ராத்தாவின் தம்பி சுபைர் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் உம்மா நல்ல சுகம். ஆடு சுகம், கோழிகள் சுகம். ராத்தாவின் சுகத்தைப் பற்றிக் கீழே விபரமாக எழுதுகிறேன், ஆகையால் முதலில் ஒரு இடத்தில் குந்துங்கள். லொறி ஓட்டிக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

இந்தக் கடிதம் சீனிமுகம்மது காக்காவின் கையில் வருகிறது. லீவு முடிந்து நாளைக்கு அவர் றியாத்துக்குத் திரும்புகிறார். கடிதத்தோடு அவருடைய வாயும் வருகிறதே, அதுதான் எனக்குப் பயம். ராத்தா வார்ட்டில் மயங்கி விழுந்ததை அவர் சொன்னால், கேட்டு முடிக்கும் முன்னமே "வேலையை விடு, நான் உழைக்கிறேன்" என்று நீங்கள் தந்தி அடிப்பீர்கள். போன வருசம் அவ தடிமன் பிடித்துத் தும்மியதற்கே அடித்தீர்கள். மச்சான், அந்த வேலையை விடச் சொல்லாதீர்கள். இந்த நர்ஸ் மிஸ்ஸி வேலை இல்லாவிட்டால் ராத்தா செத்துப்போவா என்று எழுதமாட்டேன், ஆனால் வீட்டில் இருந்து எங்களுக்கெல்லாம் ஊசி போடத் தொடங்கிவிடுவா. நடந்த பிழை முழுக்க என்னுடையது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு ராத்தா விழுந்தா. ஆசுபத்திரியின் பேரை எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். மிஸ்ஸிமார் போதாது என்று வெள்ளென ஏழு மணிக்குப் போனால் பின்னேரம் ஏழு மணிவரைக்கும் டியூட்டி. நாற்பது கட்டிலுக்கு இரண்டு மிஸ்ஸி. அவ விழுந்ததுகூட எப்படி என்றால், ஒரு நோயாளியைப் பார்த்து "தண்ணி நல்லாக் குடிக்கணும் வாப்பா" என்று சொல்லிக்கொண்டே விழுந்திருக்கிறா. நல்லரெத்தினம் டொக்டர் ஓடி வந்து நாடியைப் பிடித்துக் கேட்டாராம்.

"மிஸ்ஸி, இண்டைக்கு எவ்வளவு தண்ணி குடிச்ச நீங்க?"

"வெள்ளென ஒரு கோப்பை தேத்தண்ணி டொக்டர்."

"நேத்து?"

"நேத்தும் அந்தக் கோப்பதான்."

இதைக் கேட்டதும் எனக்குக் கரண்ட் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு தாள் தொங்குகிறது மச்சான். எந்த மனிசன் எவ்வளவு குடித்தான், எவ்வளவு மூத்திரம் போனான் என்று கோடு கீறி அதில் எழுதுவது ராத்தாதான். ஊருக்கெல்லாம் எழுதுகிற மனிசிக்கு எழுத ஒரு தாள் இல்லை. "ஏன்கா குடிக்கல்ல?" என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றா. மறுகா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னா:

"குடிச்சாப் போகணும்டா."

"எங்க போக?"

"மடையன். எங்க போறதாம்?"

அப்போதுதான் விளங்கியது. மிஸ்ஸிமாரின் கக்கூசுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். திறப்பு மேட்ரனின் மேசை லாச்சிக்குள். மேட்ரனின் கந்தோர் ஆசுபத்திரியின் அந்தத் தொங்கலில். ஆம்புளை வார்ட்டைக் கடந்து போய், கிளாக்கர்மாருக்கு முன்னால் நின்று திறப்பைக் கேட்டு, கொப்பியில் கையெழுத்து வைத்து, திரும்பி வர இருபது நிமிசம். அதற்குள் இங்கே நாற்பது பேரும் என்ன ஆவார்கள்? ஆனபடியால் மிஸ்ஸிமார் எல்லாரும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். குடிக்கிறதே இல்லை!

டொக்டர் சொன்னது, ஒரு டியூட்டிக்கு மூன்று போத்தல் தண்ணி, நேரத்துக்குச் சாப்பாடு. உம்மா என்னைக் கூப்பிட்டா. "நீ ஸ்கூலுக்கும் போறல்ல, கடலுக்கும் போறல்ல, சந்தியில நிண்டு றோட்டு அளக்கிற. இனி உனக்கு இதான் உத்தியோகம். ராத்தாக்குச் சோறும் தண்ணியும் கட்டிக் கொண்டு போ." மச்சான், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு ஆசுபத்திரியில் வேலை கிடைத்த சந்தோசத்தில் முதல் நாளே நண்டுக்கறி வைக்கச் சொல்லிக் கட்டிக்கொண்டு போனேன். ராத்தா பார்சலைத் திறந்து பார்த்தா, என்னைப் பார்த்தா. "நான் நண்டு உடைக்கவா, ஊசி போடவா? திங்கிறதுக்கு அஞ்சு நிமிசம்டா, அதுவும் நிண்ட காலோட!" அடுத்த நாள் புளியாணம். மாளிகைக்காட்டு வளைவில் சைக்கிள் ஒரு பள்ளக் கிடங்கில் இறங்கி ஏறியது, ஆணம் முழுக்க என் சாரனில். மூன்றாம் நாள் சுட்ட கருவாடு. அந்த வாசத்துக்கு, பத்து நாளாக எழும்பாமல் கிடந்த இரண்டு பேர் எழும்பிக் குந்திவிட்டார்கள். டொக்டருக்குச் சந்தோசம், மேட்ரனுக்குக் கோபம். அதற்குப் புறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஒற்றைக் கையால் எடுத்து இரண்டு கடியில் முடிக்கிற சாமான்தான் சரி. ரொட்டிக்குள் மாசிச் சம்பலை வைத்துச் சுருட்டினேன், முட்டை அவித்துத் தோல் உரித்துக் கட்டினேன், புட்டைத் தேங்காய்ப்பூவோடு உருட்டினேன். ராத்தா ஒரு கையில் காய்ச்சல் பார்க்கிற குழாயும் மற்றக் கையில் புட்டு உருண்டையுமாக நடந்தா.

தண்ணிதான் கெடுத்தது. பிளாஸ்கு ஒன்று இருந்தது, அதை நான் உடைத்துவிட்டேன், அந்தக் கதை இப்போது வேண்டாம். நம்முடைய வீடுகளில் எண்ணெய்க்கும் நெய்க்கும் என்ன வைத்திருக்கிறோம்? ஆசுபத்திரியால் வருகிற வெறும் சேலைன் போத்தல்தானே. நல்ல கண்ணாடி, இறுக்கமான றப்பர் மூடி, எல்லாத்தையும்விட, பக்கத்தில் அளவுக்கோடு! டொக்டர் சொன்ன அளவை அப்படியே பார்த்து ஊற்றலாம். என்னுடைய மூளையை நானே தட்டிக்கொடுத்தேன். மூன்று போத்தலை அவித்துக் கழுவி, தேசிக்காய் பிழிந்து, சீனியும் உப்பும் போட்டு, சூடு தணிய என்று சர்பத்துக்குப் போடுகிற கறுப்புக் கசகசா ஒரு கரண்டியும் போட்டு, கடதாசி சுற்றிக் கொண்டுபோய் வார்ட்டு மேசையில் வைத்துவந்தேன். ராத்தாவும் அந்தர அவசரத்தில் என்ன போத்தல் என்று பார்க்காமல், கடதாசியோடேயே இரண்டு மிடறாவது குடித்தா. பத்து நாள் நல்லாப் போனது. பதினோராம் நாள் கடதாசி நனைந்து கிழிந்துவிட்டது. சும்மா வைத்தேன்.

மச்சான், இதற்கு மேல் எனக்கு எழுத்துத் தமிழ் வராது, வாய்த் தமிழிலயே எழுதுறன்.

அட்டென்டன் இளையதம்பி அண்ணன் துப்புரவான மனிசன். மேசையில சேலைன் போத்தல் சும்மா கெடக்குதே என்டு ஒண்ட எடுத்துக்கொண்டு போய், வேலப்போடி என்டுற நோயாளிட கட்டிலடிக் கம்பியில அடுத்த போத்தலாத் தொங்கவிட்டுட்டார். நல்ல காலம், குழாய் இன்னும் பழைய போத்தல்லதான். வேலப்போடி வீரமுனைப் பக்கத்து வயல்காரன். மல்லாக்கப் படுத்தபடி மேல பாத்தார். கண்ண இடுக்கி இன்னொருக்காப் பாத்தார்.

"இளையதம்பி, இஞ்ச வா. இதுக்குள்ள தவளை முட்டை கெடக்கு."

"சும்மா கெட போடியார், காய்ச்சல்ல அப்பிடித்தான் தெரியும்."

"எனக்கா தெரியாது? நாப்பது வருசம் வாய்க்கால்ல கண்ட சாமான். இத என்ட உடம்பில ஏத்தினா வயித்துக்குள்ள கத்தும்டா!"

கசகசா ஊறினா எப்பிடி இரிக்கும் என்டு உங்களுக்குத் தெரியும்தானே, கறுப்புப் புள்ளியச் சுத்தி வெள்ளை வழுவழுப்பு. நல்லரெத்தினம் டொக்டர் வந்தார். போத்தலக் கழட்டி யன்னல் வெளிச்சத்தில பிடிச்சார். புள்ளியெல்லாம் மேலயும் கீழயும் போகுது. மனிசன்ட முகம் சுண்ணாம்பு. "நிப்பாட்டு! ஒருத்தருக்கும் சேலைன் ஏத்தாத! பெட்டியோட சீல் வை! கொழும்புக்குக் கோல் எடு!" நாப்பது கட்டிலும் கத்துது. நான் வெறும் சோத்துக் கரியரை எடுக்க வந்து கதவுக்குப் பின்னால நிக்கிறன். வாயத் துறந்து "அது என்ட போத்தல்" என்டு ஒரு சொல் சொல்லியிருக்கணும். சொல்லல்ல மச்சான். சந்தியில நிண்டு எவனோடயும் அடிபடுறவன், கதவுக்குப் பின்னால குந்திட்டன்.

ராத்தா மருந்து கட்டிக்கொண்டு நிண்ட இடத்திலிருந்து வந்தா. போத்தலப் பாத்தா. கதவிடுக்கால என்ட காலையும் கண்டுட்டா. அவ சும்மா இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. ஆனா சேலைன் இல்லாம கெடக்கிற மனிசரையும் பாத்தா.

"டொக்டர், அது என்ட. குடிக்கிறத்துக்கு."

டொக்டர் மூடியக் கழட்டி மூக்கில வச்சு மணந்து பாத்தார். "தேசிக்காய்!"

"ஓம் டொக்டர். கசகசாவும்."

"ஏன் இந்தப் போத்தல்ல?"

"அளவு பாக்க டொக்டர். நீங்கதானே மூணு போத்தல் என்டு சொன்ன."

"அளவுக்குக் குடிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்." ராத்தா நிலத்தப் பாத்தா. "ஒரு போத்தல்ல அரைவாசி. மிச்சத்துக்குத் திறப்பு வேணும்."

"என்ன திறப்பு?"

நாப்பது கட்டிலுக்கும் கேக்க ராத்தா சொன்னா மச்சான். எனக்குக் கதவுக்குப் பின்னால காது சுட்டிச்சு. டொக்டர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். பதினாலு வருசமா ஆசுபத்திரியில வேலையாம், அவருக்கு இது தெரியாதாம். அந்த நேரம் பாத்து வேலப்போடி, "மிஸ்ஸி, தேசிக்காய்த் தண்ணி என்டா எனக்கும் கொஞ்சம் தாங்களன்" என்டார்.

திங்கட்கிழமை விசாரணை நடந்தது. வெளியில் இருந்து ஒரு பெரிய ஆள் வந்தார். ராத்தாவின் வேலை போகும் என்ற பயத்தில்தான் உம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தா. ஆசுபத்திரிக் கேட்டுக்கு வெளியில் நின்ற நான் இந்தத் தடவை ஓடவில்லை. உள்ளே போய் "போத்தல் என்ட" என்று சொன்னேன். நீ யார் என்று கேட்டார், சோத்துக்காரன் என்றேன். கடைசியில் ராத்தாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், எங்கள் வீட்டிலிருந்து இனி ஒரு சேலைன் போத்தலும் வெளியில் வரக்கூடாது என்று கட்டளை. திறப்பு இப்போது வார்ட்டுக் கதவில் ஒரு ஆணியில் தொங்குகிறது. ராத்தா இரண்டு போத்தல் அளவு குடிக்கிறா, முகம் தெளிந்திருக்கிறது. வீட்டில் கிடந்த பதினொரு சேலைன் போத்தலையும் நானே உடைத்துப் புதைத்துவிட்டேன். இனி அப்படியான போத்தல் ஒன்று இந்த வீட்டு வாசலைத் தாண்டாது, இது சத்தியம். ஆகையால் மச்சான், காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேலையை விடச் சொல்லித் தந்தி அடிக்காதீர்கள்.

உங்கள் ஆயுளுக்கும் லொறியின் டயருக்கும் அல்லாஹ் பறக்கத்துச் செய்வானாக. உம்மாவின் துஆவும், ராத்தாவின் ஸலாமும், ஆட்டின் சத்தமும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மச்சினன்
சுபைர்

பிற்குறிப்பு: கடிதத்தைக் கொடுக்கச் சீனிமுகம்மது காக்காவிடம் போனேன். "ராத்தா மயங்கினத மச்சானுக்குச் சொல்லிராதீங்க காக்கா, நானே எழுதியிரிக்கன்" என்றேன். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல பொருத்தம்டா மனே! அவன் போன வருசம் ரெண்டு தரம் லொறிக்குள்ள மயங்கி விழுந்த. பாலைவனத்தில நிப்பாட்ட இடமில்லயாம், அதால நாள் முழுக்கத் தண்ணி குடிக்கிறல்லயாம். றம்ஸியாக்குச் சொல்லாதீங்க என்டு என்னட்டச் சத்தியம் வாங்கியிரிக்கான்." ஒரு தேத்தண்ணியோடு அந்தச் சத்தியம் முடிந்துவிட்டது மச்சான். ஆகையால் மேலே கெஞ்சினதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். நான் நேரே போய் ராத்தாவிடம் சொன்னேன். அவ குசினிக்குள் போனா. பன்னிரண்டாவது போத்தல் ஒன்றை உம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறா. அதைக் கழுவித் துடைத்து, காய்ந்த கசகசாவை நிரப்பி, ஒரு தாளை ஒட்டி, காக்காவின் பேக்குக்குள் வைத்துவிட்டா. ஏர்போட்டில் வெடிமருந்து என்று பிடிக்காவிட்டால் இந்தக் கடிதத்தோடு உங்கள் கைக்கு வரும். தாளில் இருப்பதை உங்களுக்கு விளங்கட்டும் என்று இதிலும் எழுதச் சொன்னா:

கட்டில்: லொறி. பெயர்: அப்துல் ஸமட். குடிக்க வேண்டியது: பகலில் மூன்று போத்தல். இன்னொரு தரம் மயங்கினால்: வேலையை விட்டு ஊருக்கு வரவும், நான் உழைக்கிறேன். குடித்தது: ......... போனது: ......... (நோயாளி தானே நிரப்பி மாதாமாதம் தபாலில் அனுப்பவும்.) ஒப்பம்: றம்ஸியா மிஸ்ஸி.