உக்கார வெச்சுட்டுச் சொல்லுங்க

ஆபத்து வந்தபிறகு பயப்படுகிறவர்கள் உண்டு. வருவதற்கு முன்பே பயந்து முடித்துவிட்டு, வந்ததும் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. நான் முன்னாடியும் பயப்படுவேன். பின்னாடி, முன்னாடி பயந்தது போதாமல் போய்விட்டதோ என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவேன்.

என் படிப்பு நின்றதே இதனால்தான். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் போகிற வழியில், கேள்வித்தாளை நினைத்து நினைத்து, பள்ளிக்கூட கேட் வந்ததும் நிற்காமல் நேராக நடந்துவிட்டேன். தெருவின் கடைசியில் ஒரு பேக்கரி இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடுக்கத்துக்கு இதமாக இருந்ததால் ஓரமாக நின்றேன். (குளிரில் நடுங்கியதாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) சும்மா நிற்கிறாயே, இந்த மாவைப் பிசை என்றார் முதலாளி. அப்புறம் முப்பத்தைந்து வருடம் அங்கேயே பிசைந்தேன். மாவை மடித்து மடித்துத் தட்டி, மொறுமொறுவென்று சுட்டெடுக்கும் வர்க்கி எங்கள் குன்னூர்ப் பக்கம் எல்லா டீக்கும் துணை. அந்த வர்க்கி மாஸ்டர் நான்.

மனைவி சரோஜா எனக்கு நேர் எதிர். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். காட்டெருமை எதிரே வந்தாலும், "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால போறீங்களா" என்று கேட்டுவிட்டு வழி பார்த்துப் போகிற ஜாதி. எஸ்டேட் தொழிலாளர் லைனில் நாங்கள் குடியிருந்த வீடு அவள் பெயரில்தான். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் இருப்பதும் அவள் பெயர்தான். எஸ்டேட் புத்தகத்தில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. அவள் பெயருக்குக் கீழே 'டிப்பெண்டன்ட்' என்று ஒரு கட்டம். மற்ற குடும்பங்களில் அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் பெயர் இருக்கும். எங்களுக்கு அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான், பிள்ளை இல்லை. ஆகவே கட்டம் முழுக்க நானே. அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. புயலடித்து பேக்கரிக் கூரை பறந்து வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறவனுக்கு, தன்னைக் காப்பாற்ற ஒருத்தி பொறுப்பு என்று எழுத்திலேயே இருப்பது பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதல்தான் காலை வாரியது.

செல்போன் வராத காலம். காலை பதினோரு மணி இருக்கும். எங்கள் எஸ்டேட்டின் கொழுந்து லாரி பேக்கரி வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாஸ்டர், உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு வவுத்து நோவுங்க. காட்டுலயே சுருண்டுட்டாங்க. ஆஸ்பத்திரியில எறக்கி உட்டுட்டுத்தான் வாரேன். பாப்பாக்கா கூட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாப்பாக்கா அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள்.

இப்படி ஒரு நாளுக்காக நான் கல்யாணமான நாளிலிருந்தே தயாராக இருந்தவன். ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, டார்ச் லைட், தைலம், இரண்டு முழம் கயிறு (எதற்கென்று கேட்காதீர்கள்) எல்லாம் போட்ட ஒரு அவசரப் பை வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. வீடு பத்து மைல் தள்ளி. ஆகவே என் தயாரிப்பு மொத்தமும் ஆணியிலேயே தொங்க, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிடைத்தது மூன்று கிலோ வர்க்கி. ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது ஊரார் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்பது பாதித் தூரம் ஓடியபின் நினைவு வந்தது. அதற்குள் திரும்பிப் போய் வைக்க முடியாது.

ஆஸ்பத்திரி கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் இருந்தார்.

"சரோஜாங்க. வவுத்து வலி. எஸ்டேட்."

"நீங்க யாருங்க?"

"புருசனுங்க."

அவர் எஸ்டேட் டிஸ்பென்சரி கொடுத்தனுப்பிய சீட்டை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு என்னைப் படித்தார்.

"இதுல டிப்பெண்டன்ட்டுன்னில்லங்க போட்டிருக்குது."

"ஆமாங்க. அது நானுதானுங்க."

"குடல்வால் வீங்கியிருக்குதாம், ஆபரேசன் பண்ணோணும்னு டாக்டர் சொல்றாங்க. பொறுப்பான ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடோணும். டிப்பெண்டன்ட்டு எப்படிங்க போடறது? அந்தம்மா பொறுப்புல இருக்கறவர் நீங்க. நீங்க எப்படி அவங்களுக்குப் பொறுப்பு எடுப்பீங்க?"

எனக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் என் பிரச்சினை. எதிரே இருப்பவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவர் சொல்வதெல்லாம் எனக்கு நியாயமாகத்தான் படும்.

"அப்பறம் யாருங்க போடறது?"

"அவங்கப்பா, அண்ணன், யாராச்சும் ஒறம்பரை இருந்தா கூட்டியாங்க."

"மாமனார் சத்தியமங்கலத்துல இருக்காருங்க."

"அப்ப சொல்லியுடுங்க."

"உள்ள போயி ஒரு நிமிசம் பாத்துக்கறனுங்க."

"ஒருத்தருக்குத்தான் பாஸ். கூட வந்த அக்காவுக்குக் குடுத்தாச்சு. அதும்போக அது பொம்பளைங்க பக்கம்."

கொழுந்துக்கூடையோடு வந்த அடுத்த நிரைக்காரிக்கு உள்ளே இடம் உண்டு. தாலி கட்டியவனுக்கு இல்லை. எனக்குள் ஏதோ பொங்கியது. புருசன் என்றால் ஒரு உரிமை இல்லையா, நாளைக்கு ஒன்று ஆனால் இந்த ஆஸ்பத்திரி பதில் சொல்லுமா, நான் யார் தெரியுமா என்று ஒரு முழுப் பேச்சு மனசுக்குள் உருண்டு திரண்டு நாக்கு நுனி வரை வந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். மேசையில் கை ஊன்றினேன். வாயைத் திறந்தேன்.

"சரிங்க" என்றேன்.

உரிமைக்காக நான் போராடிய வரலாறு இவ்வளவுதான்.

உள்ளே போகும் கதவில் ஒரு வாட்ச்மேன் நின்றார். மூன்று முறை போய் நின்றேன். மூன்று முறையும், "பாஸ் இருக்குதுங்களா?" என்றார். கதவு திறக்கும் போதெல்லாம் உள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அது சரோஜாதான் என்று நினைத்தேன். அடுத்த முறை ஓர் ஆண்பிள்ளை முனகினார். அதுவும் சரோஜாதான் என்று நினைத்தேன். கடைசியாக அவளோடு பேசியது என்ன என்று யோசித்தேன். காலையில், "ரசத்துல உப்பு தூக்கல்" என்று சொல்லியிருந்தேன். அவள் உலகத்தைவிட்டுப் போகும்போது என் வார்த்தையாகக் கொண்டு போவது அதுதானா என்று சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்தேன். கையில் ஒட்டியிருந்த மைதா கண்ணில் போய் உண்மையாகவே எரிந்தது.

அப்போது கதவு திறந்து ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்தார். பார்வை என் மேல் விழுந்தது. நான் என்ன உடுப்பில் இருக்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஏப்ரன், தலையில் வெள்ளைத் தொப்பி. பேக்கரியில் அதுதான் யூனிபாரம்.

"நீங்கதான் புதுசா வந்த ஆளா? காலையிலிருந்து எங்க போனீங்க? வாங்க, ஸ்ட்ரெச்சரைப் பிடிங்க."

இல்லைங்க, நான் புருசன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சிஸ்டர் அதட்டிச் சொல்லிவிட்டார். அதட்டிச் சொன்னதை நான் என் வாழ்நாளில் மறுத்ததில்லை. வாட்ச்மேன் கதவை அகலமாகத் திறந்து பிடித்து, "வேலைக்கு வந்தவருன்னு மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?" என்று வருத்தப்பட்டார். புருசனாக அரை மணி நேரம் நின்று கிடைக்காத மரியாதை.

முதல் சவாரி ஒரு பெரியவர். கால் முறிவு. எக்ஸ்ரே அறைக்குத் தள்ளினேன். பேக்கரியில் மாவுப் பலகையை இழுத்துத்தான் பழக்கம், தள்ளிப் பழக்கமில்லை. இரண்டு சுவர், ஒரு கதவு, ஒரு குப்பைத்தொட்டி ஆகியவற்றில் முட்டி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "தம்பி, ஒரு காலுதானுங்க ஒடஞ்சிருக்குது" என்றார் அவர். இன்னொன்றையும் ஒடித்துவிடாதே என்பதை அவ்வளவு பணிவாகச் சொன்ன மனிதரை நான் பிறகு பார்த்ததில்லை.

திரும்பி வந்தால், "நாலாம் நம்பர் பெட், தியேட்டருக்கு" என்றார் சிஸ்டர். போனேன். நாலாம் நம்பரில் சரோஜா படுத்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, சேலைக்கு மேலே கட்டிய கொழுந்துச் சாக்குகூட இடுப்பில் அப்படியே இருந்தது. கையில் குளுக்கோஸ். பக்கத்தில் பாப்பாக்கா.

சரோஜா கண்ணைத் திறந்து தொப்பியைப் பார்த்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். தோளில் தொங்கிய வர்க்கிப் பையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கடையை உட்டுட்டு இங்க வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"ஆமா புள்ள. இல்ல புள்ள. உன்னையப் பாக்க உடமாட்டேனுட்டாங்க."

"அதுக்குன்னு?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, போங்க அக்கட்டால" என்றாள்.

என் கை ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்திருந்தது. கை நடுங்கியது. கூடவே ஸ்ட்ரெச்சர் நடுங்கியது. ஸ்ட்ரெச்சரோடு சரோஜாவும் நடுங்கினாள்.

"ஆட்டாதீங்க."

"நான் ஆட்டல புள்ள, அதுவா ஆடுது."

பாப்பாக்கா, "தம்பி, கையை எடுங்க சாமி, அவளுக்கு ஆபரேசன் பண்ற வரைக்குமாச்சும் வவுறு அந்தந்த எடத்துல இருக்கட்டும்" என்றாள்.

ஆபரேசன் என்ற சொல்லைக் கிளார்க் சொன்னபோது அது காகிதத்தில் இருந்தது. இப்போது அது ஒரு வயிற்றில் இருந்தது. எனக்குக் காது அடைத்தது. விழுகிறவன் எதையாவது பிடிப்பது இயற்கை. நான் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்தேன். பாப்பாக்கா பாய்ந்து பாட்டிலைத் தாங்கிக்கொண்டாள். என்னைத் தாங்க யாரும் பாயவில்லை. வர்க்கிப் பை கிழிந்து மூன்று கிலோவும் அந்த வார்டு முழுக்க உருண்டது.

கண் விழித்தபோது மொறுக், மொறுக் என்று ஒரு சத்தம் நெருங்கி வந்தது. டாக்டரம்மா வர்க்கி மேல் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே கையெழுத்தில்லாத ஃபாரத்தோடு கிளார்க்.

"இவர் யாரு?"

"புது வார்டு ஆளுங்க டாக்டர்" என்றார் சிஸ்டர்.

"டிப்பெண்டன்ட்டுங்க" என்றார் கிளார்க்.

"எங்கூட்டுக்காரருங்க" என்றாள் சரோஜா.

கிளார்க் தன் சிக்கலைச் சொன்னார். அப்பா வர வேண்டும், சத்தியமங்கலத்திலிருந்து பஸ், மலை ஏற நேரமாகும். டாக்டரம்மா கேட்டுவிட்டு, "அதுவரைக்கும் குடல்வால் காத்துட்டு இருக்குமா?" என்றார். பிறகு, "இந்தம்மா முழிச்சுத்தான இருக்காங்க. நல்லாப் பேசறாங்க. வயிறு அவங்களுது. அவங்களைக் கேட்டீங்களா?" என்றார்.

உண்மையில் யாருமே கேட்கவில்லை. கிளார்க் கேட்கவில்லை. புருசன் உரிமை, புருசன் உரிமை என்று மனசுக்குள் பொங்கிய நானும் கேட்கவில்லை.

சரோஜா ஃபாரத்தை வாங்கி, என்ன செய்வார்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, தன் கையெழுத்தைத் தானே போட்டாள்.

"உங்ககூட உள்ள யார் இருக்கணும்? புருசன் இருக்கணும்னா இருக்கட்டும், நான் சொல்லிக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

தரையில் கிடந்தபடியே நான் தலையைத் தூக்கினேன். இதற்காகத்தானே இத்தனையும்.

சரோஜா என்னைப் பார்த்தாள். "பாப்பாக்கா இருக்கட்டுங்க" என்றாள். "இவரு உள்ள இருந்தா, நான் படுத்துட்டே இவரைப் பாத்துக்கோணும்."

டாக்டரம்மா நகரப் போனார். சரோஜா அவர் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள். குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது.

"ஆனா சேதி எதா இருந்தாலும் மொதல்ல அவருகிட்டத்தான் சொல்லோணும்ங்க. எங்கப்பா வந்தாக்கூட அப்பறம்தான். நல்லதோ கெட்டதோ, அவருக்குத் தெரியாம எதும் வேண்டாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உக்கார வெச்சுட்டுச் சொல்லுங்க."

தியேட்டர் வாசலில் வாட்ச்மேன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நர்ஸ் போனால் எழுந்தேன். பூனை போனால் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தோளை அழுத்தி, "உக்காருங்க, டாக்டர் உத்தரவு" என்றார். நடுவில் சிஸ்டர் ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்து வர்க்கியைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். (அதட்டித்தான் சொன்னார்.) கடைசியில் கதவைத் திறந்து வந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஸ்டூலைப் பார்த்தார். நான் அதன் மேல்தான் இருக்கிறேன் என்று உறுதி செய்துகொண்டு, "நல்லா இருக்காங்க" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சேதிக்கு ஸ்டூல் போடுவது சட்டமாகிவிட்டது. பிறகு பிறந்த மகள், கணக்கில் பெயிலானால் வாயைத் திறக்கமாட்டாள், அடுப்படி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவாள். கல்லூரியில் கூடப் படித்த பையனைப் பற்றிச் சொன்ன அன்று, ஸ்டூல் போதாது என்று சாய்வு நாற்காலியே கொண்டுவந்தாள். உறவுக்கூட்டம் சேர்ந்தால் சரோஜா அந்த நாளை ஆரம்பத்திலிருந்து நடித்துக் காட்டுவாள். நான் விழுகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை.

சென்ற வருஷம் எனக்கு நெஞ்சு அடைத்தது. அதே ஆஸ்பத்திரி. கவுண்டரில் இப்போது கம்ப்யூட்டரும் ஒரு பெண்ணும். இவருக்கு நீங்கள் யார் என்று கேட்டதற்கு, "இவரு என்ற டிப்பெண்டன்ட்டுங்க" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள் சரோஜா. டாக்டர் ஈ.சி.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா" என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிசமுங்க" என்றாள் சரோஜா. கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்தாள். உட்கார்ந்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கட்டில் லேசாக ஆடியது. இந்த முறை ஆட்டியது நான் இல்லை.

"இப்பச் சொல்லுங்க."

வாயுத் தொல்லைதான் என்றார் டாக்டர். இப்போதெல்லாம் உறவுக்கூட்டத்தில் இந்தக் கதையை நான்தான் சொல்கிறேன். ஸ்டூலை இழுக்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை.